மணியோசை, குடும்ப ஜெபம், பந்தி: தமிழ்க் கிறிஸ்தவம் அன்றாடத்தில் வாழ்ந்த விதம்

தமிழ்க் கிறிஸ்தவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கப்பலிலிருந்து இறங்கியவர்களைக் கொண்டே தொடங்குகிறார்கள். 1542 இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், 1706 இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, 1820 இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ் என்று அந்த வரிசை நீளும். அவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வரலாறுகளைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. ஒரே குரு பல ஊர்களுக்குப் பொறுப்பு. ஓர் ஊருக்கு அவர் வருவதோ வருஷத்துக்குச் சில தடவை. மீதி நாட்களில் அந்த ஊரில் கிறிஸ்தவம் எங்கே இருந்தது? யார் ஜெபம் சொன்னார்கள்? யார் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்? சாவு விழுந்த வீட்டில் யார் முன்னால் நின்றார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் பிரசங்க மேடைகளை விட்டு வேறிடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. வீட்டுத் திண்ணை, ஊர்க்கோயில் மணி, உபதேசியாரின் குரல், பிடியரிசிப் பானை, அசனப் பந்தி, கல்லறைத் தோட்டம் ஆகிய இடங்கள் அவை. தமிழர் நடுவே கிறிஸ்தவ விசுவாசம் நிலைத்ததும் சில வேளைகளில் தோற்றதும் இங்கேதான் என்பது என் முடிவு.

ஆதித் திருச்சபையும் அப்படித்தான் இருந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரம் எருசலேம் சபையைப் பற்றிச் சொல்லும்போது நான்கு காரியங்களைக் குறிப்பிடுகிறது: போதனை, ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம். உடைமைகளைப் பகிர்ந்துகொண்டதும், வீடுகள்தோறும் ஒன்றாகச் சாப்பிட்டதும் அங்கேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஏறக்குறைய 155 ஆம் ஆண்டில் ரோமில் யுஸ்தீன் எழுதிய விளக்கத்தில், ஞாயிறுதோறும் கூடி வாசித்து, ஜெபித்து, அப்பத்தைப் பகிர்ந்தபின் வசதியுள்ளவர்கள் கொடுத்ததை விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள் என்று வருகிறது. வழிபாடு முடிகிற இடத்தில் பக்கத்து மனிதரின் பசி நினைவுக்கு வந்தாக வேண்டும் என்ற ஒழுங்கு அப்போதே இருந்தது. அந்த ஒழுங்கு தமிழ் மண்ணில் என்ன உருவம் எடுத்தது என்று பார்க்கலாம்.

முத்துக்குளித்துறையில் 1535 தொடங்கி சில ஆண்டுகளுக்குள் மீனவரான பரதவர் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றார்கள். பெற்றதோடு சரி, கற்றுக்கொடுக்க ஆளில்லை. சவேரியார் வந்தபோது செய்த முதல் காரியம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், மங்கள வார்த்தை ஜெபம், பத்துக் கற்பனைகள் ஆகியவற்றை உள்ளூர்க்காரர்களின் துணையோடு தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்தது. பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். படித்ததை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விட்டார். நோயாளிகள் கூப்பிட்டு அனுப்பினால் தனக்குப் பதிலாகப் பிள்ளைகளை அனுப்பி, படுக்கைக்கு அருகில் வீட்டாரோடு சேர்ந்து ஜெபம் சொல்ல வைத்தார். இந்தக் கரையில் அவர் இருந்தது மொத்தத்தில் சொற்பக் காலம். அவர் போனபின் ஊர்தோறும் மிஞ்சியவர் கணக்கப்பிள்ளை என்ற உள்ளூர்ப் பொறுப்பாளி. கோயிலைத் திறந்து, ஜெபம் சொல்லி, அவசரத்துக்குக் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர் அவர்தான்.

சவேரியாருக்குப் பின் நீண்ட காலம் இந்தக் கரையில் உழைத்த அண்டிரிக் அடிகளார் இதை இன்னும் ஒருபடி முன்னே கொண்டுபோனார். 1578 இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சேறிய முதல் நூல் என்று பெருமையோடு சொல்கிறோம். வெறும் பதினாறு பக்கம் கொண்ட அந்த நூல் என்ன நூல் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். வீட்டிலும் கோயிலிலும் சொல்லும் ஜெபங்களும் அடிப்படைப் போதனையும் அடங்கிய சிறு ஏடு அது. தமிழ் எழுத்தில் முதன்முதலாக அச்சாகி வந்தது, மீனவக் குடும்பம் சாயங்காலத்தில் சொல்வதற்கான வார்த்தைகள். அதே அடிகளார் புன்னைக்காயலில் நோயாளிகளுக்கு மருத்துவமனையையும், ஒருவரையொருவர் தாங்கும் பக்தர் சபையையும் ஏற்படுத்தினார். ஜெபப் புத்தகமும் மருத்துவமனையும் ஒரே கையிலிருந்து வந்தவை.

இந்த முறை எவ்வளவு உறுதியானது என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். குரு ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று அறிவித்தார்கள். கோயில்கள் சீர்திருத்த சபையின் கைக்குப் போயின. உத்தியோகம் வேண்டுமானாலும் கல்யாணம் செல்லுபடியாக வேண்டுமானாலும் அந்தச் சபையின் பதிவேட்டில் பெயர் இருந்தாக வேண்டும். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், அதாவது ஒரு தலைமுறை முழுக்க, குரு கிடையாது, திருப்பலி கிடையாது. 1687 இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் முனிவர் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தபோது, கத்தோலிக்கர் இன்னும் இருக்கிறார்களா என்பதே தெரியாது. கழுத்தில் ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அந்த மாலையை எந்தக் கண் அடையாளம் கண்டுகொள்கிறது என்று பார்த்தார். கண்டுகொண்ட கண்கள் இருந்தன. யாழ்ப்பாணத்தின் மேற்கே சில்லாலையில் விசுவாசிகள் அவரை மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள்.

முப்பது ஆண்டுகள் அந்த மாலையின் பொருள் மறக்காமல் இருக்க என்ன நடந்திருக்க வேண்டும்? கதவைச் சாத்திக்கொண்டு யாரோ ஒரு பாட்டி பேரப்பிள்ளையை மடியில் வைத்து மணி மணியாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட பாட்டிகளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. வாஸ் முனிவர் இதைப் புரிந்துகொண்டவர். அதனால்தான் போன ஊர்களிலெல்லாம் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தார். மூப்பர் ஊர்க்காரியம் பார்ப்பார். அண்ணாவியார் பிள்ளைகளுக்கு ஞானபோதகம் சொல்லிக்கொடுத்து, ஞாயிறு ஜெபம் நடத்தி, சாகக் கிடப்பவர் பக்கத்தில் இருப்பார். 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவி வசதியுள்ளவர்கள் ஓடியபோது, வாஸ் முனிவரும் உடன் இருந்தவர்களும் சமய வேறுபாடு பார்க்காமல் நோயாளிகளைத் தூக்கிப் பராமரித்தார்கள். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரைக் கண்டுகொண்ட அந்தச் சில்லாலை வீடுகளுக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

புராட்டஸ்டண்டு வழி வேறு ஊற்றிலிருந்து வந்தது. 1670 வாக்கில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஸ்பேனர் என்ற போதகர் தன் வீட்டில் சிலரைக் கூட்டி வேதம் வாசித்துக் கலந்து பேசத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் மட்டும் மனிதரை மாற்றுவதில்லை, வேதம் வீட்டுக்குள் போக வேண்டும் என்பது அவர் கவலை. அந்தப் பக்தி இயக்கம் ஹாலே நகரில் அநாதை இல்லமாகவும் பள்ளிக்கூடமாகவும் வளர்ந்தது. அந்த ஹாலேயில் உருவானவர்தான் சீகன்பால்கு. தரங்கம்பாடியில் அச்சகம், பள்ளிக்கூடம், தமிழ்ப் புதிய ஏற்பாடு ஆகியவற்றுக்கு அவர் அவ்வளவு அவசரம் காட்டியதற்குக் காரணம் இதுவே. சபையார் ஒவ்வொருவரும் வாசிக்கத் தெரிந்தவராக வேண்டும், வீட்டில் வேதம் இருக்க வேண்டும். 1715 இல் அச்சு முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்கும், இன்று நாசரேத்திலோ மார்த்தாண்டத்திலோ இரவு எட்டு மணிக்கு ஒரு வீட்டில் பாய் விரிப்பதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

திருநெல்வேலியில் இந்த வழி ஊராகவே உருவெடுத்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் சொந்த ஊரில் அடியும் உதையும் பட்டபோது, அவர்கள் நிம்மதியாக வாழ 1799 இல் முதலூர் உண்டானது. பிறகு நாசரேத், மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், ஆனந்தபுரம், சாயர்புரம், டோனாவூர் என்று தேரிக்காட்டிலும் கரிசலிலும் புதிய பெயர்கள் முளைத்தன. இரேனியுஸ் காலத்தில், 1830 இல், தர்ம சங்கம் தோன்றியது. சபையார் தாங்களே காசு போட்டு, வீடும் கோயிலும் கட்ட நிலம் வாங்கும் ஏற்பாடு அது. பனையேறியும் கூலி வேலை செய்தும் பிழைத்தவர்கள், தங்களைப் போல விரட்டப்பட்ட இன்னொரு குடும்பத்துக்கு மனை வாங்கக் கொடுத்த காசு அது. விசுவாசத்தை வாழ்வது என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதன் கணக்குப் புத்தகம் இந்தச் சங்கத்தில் இருந்தது.

இந்த ஊர்களைத் தாங்கி நின்றவர் உபதேசியார். சம்பளம் குறைவு; வேலைக்கோ கணக்கில்லை. பல ஊர்களில் அவரே வாத்தியாரும்கூட. காலையிலும் மாலையிலும் மணியடித்து ஜெபம் நடத்துவார், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு வசனம் சொல்லிக்கொடுப்பார், குடித்துவிட்டு வந்து மனைவியை அடிப்பவனின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவார். பெண்கள் பக்கம் இதே வேலையைப் பைபிள் அம்மாக்கள் செய்தார்கள். ஆண்கள் நுழைய முடியாத அடுக்களைக்குள் வேதம் போனது அவர்கள் கால்களால்தான். மிஷனரிகளின் கல்லறைகளில் சலவைக்கல் இருக்கிறது. இவர்களுக்குப் பெரும்பாலும் மண்மேடுகூட மிஞ்சவில்லை. திருமண்டலங்கள் தங்கள் பழைய உபதேசியார், பைபிள் அம்மாக்களின் பெயர்ப்பட்டியலையாவது தொகுத்து வெளியிட வேண்டும்.

குடும்ப ஜெபத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். சாப்பாட்டுக்கு முன்போ பின்போ பாய் விரிக்கிறார்கள். அப்பா, அம்மா, பாட்டி, பிள்ளைகள் வட்டமாக உட்காருகிறார்கள். ஒரு கீர்த்தனை. அன்றைய அதிகாரத்தை ஆளுக்கு ஒரு வசனமாக வாசிக்கிறார்கள். வாசிக்கத் தெரியாத சின்னவனுக்கு அக்கா வார்த்தை வார்த்தையாகச் சொல்ல, அவன் திருப்பிச் சொல்கிறான். லேவியராகமம் வந்தாலும் தாண்டிப்போவதில்லை. பிறகு முழங்காலில் நின்று ஜெபம். பாட்டியின் ஜெபம்தான் நீளமானது. மும்பையில் இருக்கும் மகன், பரீட்சை எழுதும் பேத்தி, சினைமாடு, ஆஸ்பத்திரியில் கிடக்கும் எதிர்வீட்டு முருகையா என்று ஊரே அதில் வரும். கடைசியில் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். கத்தோலிக்க வீடுகளில் இந்த இடத்தில் ஜெபமாலை. ஐம்பத்துமூன்று மணி முடிவதற்குள் பாதிப் பிள்ளைகள் தூங்கி விழும். முடிந்ததும் பெரியவர்களுக்குத் தோத்திரம் சொல்லி, நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டு படுக்கப் போவார்கள்.

இதில் பெரிய ஞான அனுபவம் ஒன்றும் நடந்துவிடுவதில்லை. பெரும்பாலான நாட்களில் சலிப்பாகக்கூட இருக்கும். ஆனால் பாட்டி எதிர்வீட்டு முருகையாவின் பெயரைச் சொல்லி ஜெபித்தபின், மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோகாமல் இருக்க முடியாது. பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்கிறார்கள். தமிழ் எழுத்தறிவுக்கும் இந்தப் பாய் ஒரு பள்ளிக்கூடம். பல குடும்பங்களில் முதல் தலைமுறைப் பெண்கள் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியது வேதாகமத்தில்தான். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964 இல் வந்தபோது, பனைவிளைகளுக்கு நடுவே வாழும் கிறிஸ்தவக் குடும்பத்தின் இந்த அன்றாடம் தமிழ் நாவலுக்குள் இயல்பாக நுழைந்தது.

பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மன் மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகள் கோயிலுக்குள் நின்றன. வீட்டுக்கும் தெருவுக்கும் வந்தவை கீர்த்தனைகள். தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரின் அவைவரை சென்ற வேதநாயக சாஸ்திரியார் ராகமும் தாளமும் கொண்டு எழுதியவை அவற்றுள் முக்கியமானவை. 1853 இல் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் இப்படிப்பட்ட பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். நாற்று நடும்போதும் தொட்டில் ஆட்டும்போதும் வாயில் வரக்கூடிய பாட்டு இருந்ததால்தான் ஜெபம் நாள் முழுக்கப் பரவியது.

பிடியரிசியின் கதையும் அப்படிப்பட்டதே. உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். வாரக் கடைசியில் சங்கத்துப் பெண்கள் வந்து வாங்கிப் போவார்கள்; விற்ற காசு ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும். இதே வழக்கம் மிசோரம் சபைகளிலும் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. அங்கேயும் திருச்சபைப் பணிக்கு அந்தப் பிடியரிசி கைகொடுக்கிறது. சம்பாத்தியம் ஆண் கையில் இருந்த காலத்தில், அரிசிப்பானை ஒன்றே பெண்ணின் அதிகாரத்தில் இருந்தது. அதிலிருந்து அவள் கொடுத்தாள். தினமும் இரண்டு வேளை, யாரும் பார்க்காத நேரத்தில். 1903 இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் வெளிநாட்டுக் காசை நம்பாமல், தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு மிஷனரிகளை அனுப்பியதன் பின்னால் இப்படிப்பட்ட சிறு காணிக்கைப் பழக்கம் இருந்தது. அந்தச் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான, வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912 இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார்.

இனி அசனம். தென்மாவட்டங்களில் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையின்போதோ அறுப்பின் பண்டிகையின்போதோ ஊர் முழுக்க ஒன்றாகச் சாப்பிடும் விருந்து. அரிசியும் ஆடும் நேர்ச்சையாக வரும். முந்தின இரவே கோயில் வளாகத்தில் குழிவெட்டி அடுப்பு மூட்டுவார்கள். ஆண்கள் வெங்காயம் உரிப்பார்கள்; தேங்காய் துருவும் சத்தம் விடியும்வரை கேட்கும். வடித்த சோற்றைப் புதுப் பாய்களில் குன்றாகக் குவித்து, போதகர் ஜெபித்தபின் பந்தி தொடங்கும். வாளியில் சோறும் குழம்பும் சுமந்து ஓடுகிறவர்களில் கல்லூரிப் பேராசிரியரும் லாரி டிரைவரும் இருப்பார்கள். பக்கத்து ஊர் இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து சாப்பிட்டு, வரமுடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் வாங்கிப் போவார்கள். திருவிருந்தில் கோயிலுக்குள் பகிர்ந்த அப்பம், வெளியே இப்படிச் சோறாகப் பெருகுகிறது என்றே எனக்குத் தோன்றும். கத்தோலிக்க ஊர்களில் அந்தோணியார் திருவிழாவின் அசனமும் இதே இயல்புடையது.

ஆனால் பந்தி என்று சொன்னதும் தமிழ்க் கிறிஸ்தவத்தின் மிகப் பெரிய தோல்வியையும் பேசியாக வேண்டும். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கேள்வியில் சாதி நுழைந்தது, போகவில்லை. தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் தொடக்ககாலச் சபைகளில் தனித்தனி இருக்கை வழக்கமாயிற்று. 1833 இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனடியாக, முற்றாக விட்டாக வேண்டும் என்று எழுதியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையையே விட்டு விலகினார்கள். அத்தனை அருமையான கீர்த்தனைகளைத் தந்த சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்காக வாதாடியவர் என்பது வேதனையான உண்மை. அவர் பாட்டை நேசிக்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மதுரை மிஷன் 1840களில் அன்பின் விருந்து வைத்து, எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டால்தான் சபையில் இடம் என்றது. அனுபவமுள்ள உபதேசியார்கள்கூடச் சாப்பிட மறுத்து வேலையை இழந்தார்கள். விசுவாசப் பிரமாணத்தைத் தப்பில்லாமல் சொன்ன வாய், பக்கத்து இலையைப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

வடக்கன்குளத்தின் கதை இன்னும் கூர்மையானது. 1745 இல் அங்கேதான் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராக இருந்தவர், எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியதும் அவர்மேல் கோபம் எழக் காரணமானது. 1752 இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வடக்கன்குளத்தில் 1872 இல் எழுந்த கோயிலில், பீடத்திலிருந்து இரண்டு காலாகப் பிரியும் கூடங்களும் நடுவே சுவரும் இருந்தன. இந்தச் சாதிக்கு இந்தப் பக்கம், அந்தச் சாதிக்கு அந்தப் பக்கம். 1910 இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். எதிர்ப்பு நீதிமன்றம்வரை போனது. 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டபோது ஊர் ஊராகப் பட்டாசு வெடித்தோம். அவர் உயிரைக் கொடுத்த சமத்துவத்தை எந்தப் பங்கில் எவ்வளவு நடைமுறையில் வைத்திருக்கிறோம் என்று அன்று கேட்டவர்கள் குறைவு.

கேட்டவர்கள் இலக்கியத்தில் இருந்தார்கள். பாமாவின் ‘கருக்கு’ (1992) துறவற சபைக்குள் போய், அங்கேயும் சாதியைக் கண்டு வெளியே வந்த ஒரு பெண்ணின் வாக்குமூலம். கோயில் மணிக்கும் ஞாயிறு பூசைக்கும் திருநாட்களுக்கும் கட்டுப்பட்ட தலித் கத்தோலிக்கத் தெருவின் வாழ்வு அதில் மணக்கிறது. அதனாலேயே ஏமாற்றத்தின் வலியும் பெரிதாகிறது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் வீட்டைக் காட்டுகிறது. அந்தோணியாரிடம் மன்றாடும் அவள், அதே வேதத்தைச் சேர்ந்தவர்களின் வாசலில் ராச்சோற்றுக்கு நிற்கிறாள். இறையியல் கருத்தரங்குகளைவிட இந்த இரண்டு நூல்களும் நம் சபைகளின் நிலையைத் துல்லியமாகச் சொல்கின்றன. இன்றும் கல்லறைத் தோட்டங்களில் சாதிச் சுவர்கள் நிற்கும் பங்குகள் உண்டு. திருவிழாத் தேர் எந்தத் தெருவரை போகும் என்பதைச் சாதி தீர்மானிக்கும் ஊர்கள் உண்டு.

இந்த முட்டுச்சந்தைப் பார்த்துப் புது வழி தேடியவர்கள் ஆசிரமம் அமைத்தார்கள். 1921 இல் திருப்பத்தூரில் மருத்துவர்கள் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான எர்னெஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் அவற்றில் முன்னோடி. இந்தியரும் ஐரோப்பியரும் ஒரே கூரையில், கதர் உடுத்தி, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, விடியற்காலை ஜெபத்தில் தொடங்கி நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்தார்கள். கதர் உடுத்தியிருந்த பேட்டன் 1932 இல் சென்னைத் தெருவில் போலீசாரிடம் அடிபட்டார். 1950 இல் குளித்தலை அருகே காவிரிக்கரையில் மோன்சனின், லெ சோ என்ற இரு பிரெஞ்சுத் துறவிகள் சாந்திவனத்தைத் தொடங்கினார்கள். அது தியானத்தின் பக்கம் ஆழமாகப் போனது. இவற்றில் எனக்கு மரியாதை உண்டு. என்றாலும் இவை தேர்ந்தெடுத்துச் சேர்ந்தவர்களின் குடும்பங்கள். ஊர்ச் சபையில் பக்கத்தில் உட்காருகிறவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. கடினமும் அதில்தான், பலனும் அதில்தான். 1935 இல் நாஜி ஜெர்மனியில் ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் இளம் போதகர்களோடு கூட்டுவாழ்வு நடத்திய போன்ஹோஃபர், காவல்துறை அதை மூடியபின் எழுதிய நூலில் இதையே எச்சரிக்கையாகச் சொல்கிறார். ஐக்கியத்தைப் பற்றிய தன் கனவை நேசிப்பவன் ஐக்கியத்தைக் கெடுக்கிறான். கண்ணெதிரே இருக்கும் சகோதரனை நேசிப்பவன் அதைக் கட்டுகிறான் என்பது அவர் கருத்தின் சாரம்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். கத்தோலிக்கப் பங்குகளில் கடந்த சில பதிற்றாண்டுகளாக அன்பியங்கள் இயங்குகின்றன. இருபது முப்பது வீடுகள் ஒரு குழு. முறைவைத்து ஒவ்வொரு வீட்டில் கூடி, நற்செய்தி வாசித்து, தெருவின் தேவையைப் பேசுவது முறை. நன்றாக நடக்கும் இடங்களில், வேலை போனவருக்கு மளிகை போகிறது, முதியவருக்கு நற்கருணை வருகிறது. சரியாக நடக்காத இடங்களில் அது வரி வசூலிக்கும் குழுவாகவும் திருவிழா வேலைப் பட்டியலாகவும் சுருங்கிவிடுகிறது. குழுவின் எல்லை தெருவின் எல்லையாகவும், தெருவின் எல்லை சாதியின் எல்லையாகவும் இருப்பதை மாற்றாதவரை அன்பியம் பாதி வேலையைத்தான் செய்யும்.

நகரங்களில் இன்னொரு சிக்கல். சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போன குடும்பங்கள் ஊரின் மணியோசையை விட்டுப் போயின. அங்கே அவர்கள் பிடித்துக்கொண்டது பெரும்பாலும் பெரிய கூட்டங்களையும் தொலைக்காட்சி, யூடியூப் பிரசங்கங்களையும். தனிமையில் தவித்தவர்களுக்கு அவை ஆறுதல் தந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆசீர்வாதம், உயர்வு, வாக்குத்தத்தம் என்று தனி ஆளின் முன்னேற்றத்தையே பேசும் பிரசங்கம், பக்கத்து வீட்டுக்காரரை மறக்கக் கற்றுக்கொடுக்கிறது. பத்தாயிரம் பேர் கூடும் மைதானத்தில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாளைக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவர ஒருவரும் இல்லை. காணிக்கை கைபேசியில் போய்ச் சேர்கிறது, அது யார் வயிற்றுக்குப் போயிற்று என்று கொடுத்தவருக்குத் தெரியாது. பிடியரிசி கொடுத்தவளுக்குத் தெரிந்திருந்தது.

2020 ஊரடங்கில் கோயில்கள் மூடியபோது இதெல்லாம் சோதனைக்கு வந்தது. பாய் விரிக்கும் பழக்கம் மிச்சமிருந்த வீடுகள் சிரமமில்லாமல் தாக்குப்பிடித்தன. அப்பாவே வாசித்தார், அம்மாவே ஜெபித்தார். பழக்கம் விட்டுப்போன வீடுகள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சபை இளைஞர்கள் அரிசி மூட்டையோடு தெருத்தெருவாகப் போன இடங்களில், பல ஆண்டுகளாகக் கோயில் பக்கமே வராதவர்கள்கூடச் சபை என்றால் என்ன என்று கண்டார்கள்.

ஆகவே பங்குப் பேரவைகளையும் சபைக் கமிட்டிகளையும் நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இது. கோபுரத்துக்கும் குளிர்சாதனத்துக்கும் திட்டம் போடுவதற்கு முன், உங்கள் கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருந்தால் அதை இடிக்கும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே கொண்டுவாருங்கள். அசனப் பந்தியில் யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் கடைசிப் பந்தியில் உட்காருகிறார்கள் என்று கவனியுங்கள். உபதேசியாருக்குக் குடும்பம் நடத்தப் போதுமான சம்பளம் கொடுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று இரவு தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பாயை விரியுங்கள். ஒரு அதிகாரம் வாசியுங்கள். உங்கள் சாதியோ சமயமோ அல்லாத ஒரு பக்கத்து வீட்டாரின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். இந்த வாரத்துக்குள் அவர் வீட்டுக்குப் போய் ஒரு வேளை சாப்பிட்டு வாருங்கள்.